ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கு வேலையிடத்திலேயே பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஏப்ரல் 2-ஆம் நாள் உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளையொட்டி நாளிதழ்களில் வெளிவரும் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். குழந்தைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறிகளை எப்படிக் கண்டறிவது, தெரபியை எந்த வயதில் தொடங்குவது, பள்ளிகள் அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பயனுள்ள செய்திகள் அவற்றில் இடம்பெறுகின்றன. ஆனால் அந்தக் குழந்தைகள் வளர்ந்து 20, 25, 30 வயதை எட்டிய பிறகு, காலையில் எழுந்து குளித்துவிட்டு எங்கே போகிறார்கள் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்படுகிறது. ராயப்பேட்டையில் சிறிய பைண்டிங் பட்டறை ஒன்றை நடத்திவருபவன் நான். ஆட்டிசம் உள்ள இளைஞர்களும் என் பட்டறையில் வேலை செய்கிறார்கள். அந்த அனுபவத்தைக் கொண்டு, பேசப்படாமல் விடப்படும் இந்தப் பகுதியைப் பற்றித் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இவர்களுக்கான தொழிற்பயிற்சி, வேலை நடக்கும் இடத்திலேயே, சம்பளத்தோடு நடைபெற வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. இப்போது நடப்பது வேறு. சிறப்புப் பள்ளியில் 18 வயது வரை படித்த ஒருவர், அதன்பின் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் சேர்க்கப்படுகிறார். அங்கே காகித உறை ஒட்டவும், மெழுகுவத்தி வார்க்கவும், அகல்விளக்குகளுக்கு வண்ணம் பூசவும் கற்றுக்கொள்கிறார். கற்றுத் தேர்ந்த பிறகு வெளியே அவரை எடுத்துக்கொள்ள ஆளில்லாததால், அதே மையத்தில் அதே வேலையைத் தொடர்ந்து பயின்றுகொண்டே இருக்கிறார். 35 வயதிலும் பயிற்சியாளராகவே இருப்பவர்கள் இந்த நகரத்தில் உண்டு. மாதக் கடைசியில் அவர் கைக்கு வருவது ஓர் ஊக்கத்தொகை. பல குடும்பங்களில் அது ஆட்டோ செலவுக்கே காணாது. இந்த மையங்களை நடத்துபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவற்றில் பலவும் பெற்றோர்களே கைப்பொருளைப் போட்டுத் தொடங்கியவை. அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அதற்கு அடுத்த கட்டத்தில் முன்வர வேண்டியவர்கள், என்னைப் போல் தொழில் நடத்துபவர்கள்தான்.

என் பட்டறைக்கு இந்த இளைஞர்கள் வந்த வழி எளியது. தம் பள்ளியின் ஆண்டுமலரை பைண்டிங்குக்குக் கொண்டுவந்த சிறப்பாசிரியர் ஒருவர், மேசையைச் சுற்றி நடக்கும் வேலையைச் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, இந்த வேலையை எங்கள் மாணவர் ஒருவரால் செய்ய முடியும், ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். எங்கள் வேலை என்னவென்று தெரியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சகத்திலிருந்து பெரிய தாள்களாக வரும் பக்கங்களை மடித்து, 16 பக்கங்கள் கொண்ட மடிப்புகளாக ஆக்குவோம். அதை நாங்கள் பாரம் என்போம். 320 பக்கப் புத்தகம் என்றால் 20 பாரம். அந்த 20 பாரங்களையும் வரிசை தவறாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். பிறகுதான் தையலோ, பசையோ, அட்டையோ. எந்த இடத்தில் தவறு நேர்ந்தாலும் சமாளித்துவிடலாம். பாரம் சேர்ப்பதில் தவறினால் புத்தகம் குப்பைக்குத்தான் போகும். 96-ஆம் பக்கத்துக்குப் பிறகு 113-ஆம் பக்கம் வருகிற புத்தகம் ஒன்றைத் தாங்களும் எப்போதாவது கையில் எடுத்திருக்கக்கூடும். ஒரு பாரம் விடுபட்டதால் நேர்வது அது.

இதைத் தவிர்க்க, ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு சிறிய கறுப்புக் குறியை அச்சிடுவார்கள். முதல் பாரத்தில் மேலேயும், அடுத்ததில் சற்றுக் கீழேயுமாக அது இறங்கிக்கொண்டே போகும். எல்லாம் சரியாகச் சேர்ந்திருந்தால் புத்தகத்தின் முதுகில் அந்தக் குறிகள் படிக்கட்டுப் போலச் சீராக இறங்கும். ஒரு பாரம் குறைந்தாலோ, இரண்டு முறை சேர்ந்தாலோ, முன்பின் மாறினாலோ படி உடையும். நாங்கள் ஒவ்வொரு கட்டாக எடுத்து, விரலால் தடவி, கண்ணை இடுக்கிப் பார்ப்போம். அந்தச் சிறப்பாசிரியர் அனுப்பிவைத்த இளைஞரோ, அடுக்கி வைத்திருக்கும் வரிசையின் முன்னால் வந்து நிற்பார். நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டி, நடுவில் இருக்கும் ஒரு கட்டை உருவி மேசைமேல் வைப்பார். அவர் உருவிய கட்டில் தவறில்லாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவர் அதிகம் பேசமாட்டார். 'அண்ணே, இது' என்பார், அவ்வளவுதான். 40 ஆண்டுக்காலம் இந்தத் தொழிலில் இருக்கும் எங்கள் மேஸ்திரி, இப்போது பெரிய வேலைகளில் கடைசிச் சோதனையை அவரிடம்தான் ஒப்படைக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, ஆட்டிசம் உள்ளவர்கள் அனைவருக்கும் இப்படி ஓர் அபாரத் திறமை இருக்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்களிடம் இருக்கும் மற்றொருவருக்கு அது இல்லை. அவர் தாள் எண்ணுகிறார், கட்டுக் கட்டுகிறார், மேலட்டைகளை அடுக்குகிறார். நிதானமாக, ஒழுங்காக, சொன்ன நேரத்துக்கு வந்து செய்கிறார். ஒரு தொழிலாளியிடம் முதலாளி எதிர்பார்ப்பதும் அதுதானே? திரைப்படங்களும் தொலைக்காட்சியும் இவர்களைக் கணக்கு மேதைகளாகவோ, ஒன்றும் அறியாத குழந்தைகளாகவோ காட்டி வைத்திருக்கின்றன. இரண்டுமே இவர்களின் பிழைப்புக்குக் கேடு செய்கின்றன. மேதை அல்லாத ஓர் இளைஞருக்கும் வேலை பெறும் உரிமை உண்டு.

வேலையிடத்தில் என்ன மாற்றம் செய்ய வேண்டியிருந்தது என்று என்னைப் போன்ற சிறுதொழில் நடத்துபவர்கள் கேட்கிறார்கள். மிகச் சிறிய மாற்றங்கள்தாம். அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் 1972-இல் தொடங்கிய டீச் என்ற திட்டத்தில் உருவான முறை ஒன்றை அந்தச் சிறப்பாசிரியர் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வேலை செய்பவருக்கு நான்கு கேள்விகளுக்கு விடை கண்ணெதிரே தெரிய வேண்டும்: என்ன வேலை, எவ்வளவு, முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது, அடுத்து என்ன. வாயால் சொல்லிப் புரியவைப்பதைவிட, பார்த்ததும் புரியும்படி அமைத்துவிட வேண்டும். எனவே பாரம் சேர்க்கும் இளைஞரின் மேசையில் இடப்பக்கம் ஒரு தட்டு, வலப்பக்கம் ஒரு தட்டு வைத்தோம். செய்ய வேண்டியது இடப்பக்கம் இருக்கும். செய்து முடித்தது வலப்பக்கம் போகும். இடத்தட்டு காலியானால் வேலை முடிந்தது. மேசையோரத்தில் ஓர் அட்டையில் அன்றைய வேலைகள் வரிசையாகப் படத்தோடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் டீ நேரமும் உண்டு, சாப்பாட்டு நேரமும் உண்டு. இந்த ஏற்பாட்டுக்கு ஆன செலவு ஒரு ரீம் தாளின் விலையைவிடக் குறைவு. சில நாட்களிலேயே மடிப்பு வேலை செய்யும் அக்காமார்களும் தங்களுக்கும் அப்படி இரண்டு தட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

பேச்சிலும் சிறிது கவனம் வேண்டியிருந்தது. 'இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்', 'சீக்கிரம் முடி', 'அப்புறம் அதையும் எடு' என்று நாம் அன்றாடம் சொல்லும் சொற்களில், எவ்வளவு, எப்போது, எதை என்பது எதிலுமே இல்லை. அவரிடம், இந்த 50 புத்தகங்களைப் பத்துப் பத்தாகக் கட்டி அந்தப் பலகைமேல் வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலை நடக்கும். கட்டிங் மெஷின் இறங்கும் ஓசை அவருக்குத் தாங்கவில்லை என்பதால், காதுகளை மூடும் கருவி ஒன்று வாங்கினோம். கட்டிங் போடுவதற்கு முன் மேஸ்திரி கை உயர்த்திக் காட்டுவார். மின்சாரம் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் ஓர் அட்டையில் எழுதி வைத்தோம், ஏனெனில் திடீர் மாற்றம்தான் அவர்களை அதிகம் கலங்கச் செய்கிறது. பட்டறைக்கு அருகே சாலைப்பணிக்காகப் பேருந்து நிறுத்தத்தை மாற்றியபோது, அவருடைய தந்தை ஒரு வாரம் உடன் வந்து புதிய நிறுத்தத்தைப் பழக்கினார். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வரும் துணையாள் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021-இல் தமிழக அரசு கொண்டுவந்த ஏற்பாடு இத்தகைய நேரங்களில் பேருதவியாக இருக்கிறது.

கடினமான நாட்களும் உண்டு. எங்கள் தொழிலில் மார்கழி மாதம் மூச்சு விட நேரமிருக்காது. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்குள் தங்கள் புத்தகம் வந்துவிட வேண்டும் என்று எல்லாப் பதிப்பகத்தாரும் ஒரே நேரத்தில் நெருக்குவார்கள். இரவு வேலை, கூச்சல், வந்துபோகும் ஆட்கள் என்று பட்டறையே தலைகீழாகும். அந்த நாட்களில் இவர்களை வழக்கமான நேரத்துக்கு மேல் இருக்கச் சொல்வதில்லை. மேசையையும் பின்னறைக்கு மாற்றிவிடுகிறோம். ஓய்வாக இருக்கும் நேரத்தில் ஒருமுறை மாற்றிப் பழகி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

எல்லோருக்கும் எல்லா வேலையும் பொருந்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களிடம் வந்த இளம்பெண் ஒருவருக்குச் சூடான பசையின் வாடை ஒத்துக்கொள்ளவில்லை. வேலை செய்யும் திறமை இருந்தது. ஆனால் அந்த அறையில் அவரால் இருக்க முடியவில்லை. இப்போது அவர் மாடித்தோட்டச் செடிகளை விற்கும் ஒரு நர்சரியில் வேலை செய்கிறார். நாற்றுகளைத் தொட்டி மாற்றுவதும் பெயர்ச்சீட்டு எழுதுவதும் அவர் பொறுப்பு. மையத்துக்குள்ளேயே பயிற்சி நடந்திருந்தால், பசை வாடை ஒருவருக்குத் தடை என்பதோ, ஈரமண்ணைத் தொடுவது அவருக்கு இதமானது என்பதோ யாருக்கும் தெரிய வந்திருக்காது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் பொருத்திச் செய்வது கடினம். மையத்தின் மேசையில் கற்றதைப் பட்டறை மேசையில் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். அப்படியிருக்க, எங்கே வேலை செய்யப்போகிறாரோ அங்கேயே கற்றுக்கொடுத்துவிடுவதுதானே முறை? முதலில் வேலையில் அமர்த்து, பிறகு கற்றுக்கொடு என்ற இந்த வழி 1980-களிலிருந்தே அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

இவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது நேர்முகத் தேர்வு என்னும் சடங்கு. எங்கள் பாரம் சேர்க்கும் இளைஞர், இங்கே வருவதற்கு முன் ஒரு நிறுவனத்தின் தேர்வுக்குப் போயிருந்தாராம். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பெயரையும் வீட்டு முகவரியையும் சொல்லிவிட்டு அவர் நிறுத்திக்கொண்டார். கேட்டவரின் கண்ணைப் பார்க்கவில்லை, கை குலுக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தேடிய வேலைக்குக் கண்ணைப் பார்த்துப் பேசும் தேவையே இல்லை. கிடங்கில் பொருள்களை எண்ணிக் குறித்து வைக்கும் வேலை அது. ஒருவர் வேலை செய்வாரா என்று தெரிந்துகொள்ள, அந்த வேலையைக் கையில் கொடுத்துப் பார்ப்பதைவிட நேர்மையான தேர்வு வேறில்லை.

டென்மார்க்கில் 2004-இல் தொர்கில் சோனே என்பவர் தொடங்கிய ஸ்பெஷலிஸ்டெர்ன் என்ற நிறுவனம் இதைத்தான் செய்து காட்டியது. தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதை அறிந்தவர் அவர். கேள்வி கேட்பதற்குப் பதிலாக, சில வாரங்கள் செய்முறைப் பணிகளைக் கொடுத்து ஆளைத் தேர்ந்தெடுத்து, மென்பொருள் சோதனை போன்ற வேலைகளில் அமர்த்தினார். 2013-இல் ஜெர்மனியின் சாப் (எஸ்.ஏ.பி.) என்ற மென்பொருள் நிறுவனம் அவர்களோடு கைகோத்து ஆட்டிசம் உள்ளோரைப் பணியமர்த்தும் திட்டத்தை அறிவித்தது. அதற்கு முன்னோட்டம் நடந்த இடங்களில் நம் பக்கத்திலிருக்கும் பெங்களூரும் ஒன்று. 2015-இல் மைக்ரோசாஃப்ட்டும் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. பழைய மகாபலிபுரம் சாலையில் வரிசையாக எழுந்து நிற்கும் நிறுவனங்கள் இவற்றைப் பின்பற்றுவதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் பட்டம் பெற்ற சிலருக்கு மட்டுமே அந்த வழி பயன்படும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 2013-இல் ஒரு தந்தையும் மகனும் தொடங்கிய ரைசிங் டைட் என்ற கார் கழுவும் நிறுவனம். அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் ஆட்டிசம் உள்ளவர்கள். காரைக் கழுவும் வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் கற்றுக்கொடுத்து, சுத்தமாகக் கழுவுகிறார்கள் என்ற பெயரை வைத்தே தொழிலை வளர்த்தார்கள். நம் நாட்டில் லெமன் ட்ரீ ஓட்டல்கள் மாற்றுத்திறனாளிகளை, அறிவுசார் குறைபாடு உள்ளோர் உட்பட, பல ஆண்டுகளாகப் பணியமர்த்தி வருகின்றன. நம் சென்னையிலேயே காமராஜர் சாலையில் 2022-இல் திறக்கப்பட்ட மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ் காட்சிக்கூடத்தின் சிற்றுண்டிச்சாலையில் பரிமாறுவோர் மாற்றுத்திறனாளிகள்தாம். குடும்பத்தோடு ஒருநாள் அங்கே போய்வருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னோடியாக ஒருவர் இருக்கிறார். 1943-இல் மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையில் முதலாவதாகக் குறிப்பிட்ட சிறுவன், டொனால்டு ட்ரிப்ளெட். அவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரெஸ்ட் என்ற சிற்றூர் வங்கியில் 60 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். கார் ஓட்டினார், தனியாகப் பல நாடுகளுக்குப் பயணம் செய்தார். 2023-இல் தம் 89-ஆம் வயதில் காலமானார். உலகில் முதன்முதலாக ஆட்டிசம் என்று கண்டறியப்பட்டவரே வாழ்நாள் முழுதும் வேலை செய்தவர் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? அந்த வங்கியில் அவருடைய தாய்வழிக் குடும்பத்தாருக்குப் பங்கு இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதாவது, குடும்பச் செல்வாக்கு அவருக்கு வாய்ப்பைப் பெற்றுத் தந்தது. ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. வியாசர்பாடியிலும் பல்லாவரத்திலும் இருக்கும் ஆட்டோ ஓட்டுநரின் மகனுக்கும், வீட்டு வேலை செய்யும் தாயின் மகளுக்கும் அந்தச் செல்வாக்குக்கு ஈடாக நிற்க வேண்டியது சட்டம்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே கிடையாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதையும் சேர்த்தது. அரசு வேலையில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டில், 1 விழுக்காட்டை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒதுக்கியது. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் தனியார் நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வகுத்து, மாற்றுத்திறனாளிகளுக்கு என்னென்ன வசதிகள் செய்திருக்கிறோம் என்று அதில் விவரமாகக் காட்ட வேண்டும் என்பதும் விதி. தனியார் துறையில் 5 விழுக்காட்டினராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க, முதலாளிகளுக்கு அரசு ஊக்கம் தர வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு. எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத 19-ஆம் பிரிவு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளிட்டவை உள்ளவர்களுக்குச் சந்தையுடன் நேரடித் தொடர்புடைய, அவர்களுக்கென்றே தனியான திறன் பயிற்சித் திட்டங்களை அரசு நடத்த வேண்டும் என்று அது சொல்கிறது. சந்தையோடு தொடர்பில்லாத பயிற்சி, சட்டத்தின் நோக்கத்துக்கே மாறானது என்று நான் கருதுகிறேன்.

ஊக்கத்தின் கதையையும் சொல்ல வேண்டும். மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் பெறும் மாற்றுத்திறனாளி ஊழியருக்கு, முதலாளி செலுத்த வேண்டிய வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பங்குகளை முதல் 3 ஆண்டுகளுக்குத் தானே ஏற்பதாக மத்திய அரசு 2008-இல் அறிவித்தது. நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட அறிவிப்பு. ஆனால் வருங்கால வைப்புநிதி 20 பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம், இ.எஸ்.ஐ. 10 பேர் இருக்கும் இடத்துக்கு. எங்களுடையதைப் போல ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை இரண்டுக்கும் வெளியே நிற்கிறது. ஆட்டிசம் உள்ள ஒருவருக்குப் பெரிய தொழிற்சாலையைவிட, ஆறேழு முகங்களை மட்டும் பழகிக்கொண்டால் போதும் என்றிருக்கும் சிறிய இடமே பெரும்பாலும் பொருந்துகிறது. கிண்டியிலும் அம்பத்தூரிலும் பெருங்குடியிலும் அத்தகைய சிறு கூடங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஊக்கம் அவற்றைத் தேடிப் போக வேண்டும்.

அதற்கு ஒரு வழி அரசின் கொள்முதல். குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 விழுக்காட்டை வாங்க வேண்டும் என்றும், அதில் 4 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கும், 3 விழுக்காடு பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் உரியது என்றும் ஆணை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கென்று அதில் பங்கு எதுவும் இல்லை. தமிழக அரசு தன் அளவில் இதைத் தொடங்கலாம். அலுவலகங்களுக்கான பதிவேடுகள், கோப்பு அட்டைகள், பள்ளிக் குறிப்பேடுகள் என்று அரசு வாங்கும் பைண்டிங் வேலை மட்டுமே ஏராளம். அதில் ஒரு சிறு பகுதியை இத்தகைய நிறுவனங்களுக்கு ஒதுக்கினால், அடுத்த மாதமே எங்கள் தெருவில் இன்னும் நான்கு பட்டறைகள் ஆள் தேடத் தொடங்கும். தரத்தில் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. படி உடைந்த புத்தகத்தைத் திருப்பி அனுப்பட்டும்.

எல்லாவற்றிலும் அவசரமான தேவை, ஜாப் கோச் எனப்படும் பணிப் பயிற்றுநர். எங்கள் பட்டறைக்கு முதல் சில வாரங்கள் அந்தச் சிறப்பாசிரியர் நாள்தோறும் வந்து, இளைஞரின் பக்கத்தில் உட்கார்ந்து தாமும் பாரம் மடித்தார். பிறகு வாரத்துக்கு இருமுறை வந்தார். பிறகு அழைத்தால் மட்டும். அவர் கற்றுக்கொடுத்தது அந்த இளைஞருக்கு மட்டுமன்று. மேஸ்திரிக்கும் அக்காமார்களுக்கும் எனக்கும் அவர்தான் ஆசிரியர். ஆனால் அவருக்கு இதற்காக யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. பள்ளி முடிந்த பிறகு தம் சொந்த நேரத்தில் வந்தார். ஒருவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி ஒரு நகரத்துக்கே திட்டம் போட முடியாது. முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் என்ற தொண்டு நிறுவனம் கோட்டூர்புரத்தில் இருக்கிறது; 1985-லிருந்து பணியாற்றுகிறது. சிறப்பாசிரியர்களை உருவாக்கும் அறிவும் அனுபவமும் சென்னையில் குறைவின்றி இருக்கின்றன. அவர்களில் ஒரு பகுதியினரைப் பணிப் பயிற்றுநர்களாக அமர்த்தி, ஒவ்வொருவர் பொறுப்பிலும் சில இளைஞர்களையும் அவர்கள் வேலை செய்யும் கடைகளையும் பட்டறைகளையும் ஒப்படைத்து, அவர்களுக்கான சம்பளத்தை அரசே தர வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இத்தகைய பயிற்றுநர்களின் பட்டியல் ஒன்று இருந்தால், ஆள் எடுக்க நினைக்கும் முதலாளி யாரை அழைப்பது என்று திகைக்க வேண்டியிருக்காது.

சம்பளத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பட்டறையில் அந்த வேலைக்கு மற்றவர்களுக்கு என்ன கூலியோ அதே கூலிதான் இவர்களுக்கும். வேலை கொடுப்பதே பெரிது, கூலி எதற்கு என்று என்னிடமே சிலர் கேட்டதுண்டு. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுக்க முதலாளிகளுக்கு அனுமதி அளித்தது; அதை ஒழிக்க அங்கே இன்றுவரை போராட வேண்டியிருக்கிறது. அந்தப் பாதையில் நாம் காலடி எடுத்து வைக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த பெற்றோர் சிலர் சொன்ன இன்னொரு நிகழ்வு இதைவிட வருத்தமானது. ஒரு நிறுவனம் ஏப்ரல் மாதத்தில் இவர்களின் பிள்ளைகளைச் சில நாட்கள் அழைத்து, சீருடை கொடுத்து, படம் எடுத்து, சான்றிதழும் கேக்கும் கொடுத்து அனுப்பிவிட்டது. மறுவாரமும் அதே சீருடையை அணிந்துகொண்டு வேலைக்குக் கிளம்பி நின்ற மகனுக்கு என்ன சொல்வது என்று அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. வைத்துக்கொள்ளும் எண்ணமில்லாதவர்கள் தயவுசெய்து அழைக்காதீர்கள்.

'எங்களுக்கு அப்புறம் யார்?' என்று கேட்காத பெற்றோரை நான் இதுவரை பார்க்கவில்லை. 60 வயதைக் கடந்தவர்கள், மருந்துப் பெட்டியோடு வாழ்பவர்கள், மகனையோ மகளையோ ஒருநாள்கூடத் தனியே விட்டு வெளியூர் திருமணத்துக்குப் போக முடியாதவர்கள் இந்தக் கேள்வியோடுதான் படுக்கப் போகிறார்கள். வேலை மட்டுமே இதற்கு முழு விடை என்று நான் சொல்லமாட்டேன். வாழ்நாள் முழுதும் பராமரிப்பு தேவைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான இல்லங்களும் சட்டக் காப்பாளர் ஏற்பாடுகளும் தனியே பேச வேண்டியவை. ஆனால் தன் பெயரில் வங்கிக் கணக்கு, காலையில் போவதற்கு ஓர் இடம், வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஏழெட்டுப் பேர் என்று ஒருவருக்கு அமைந்துவிட்டால், பெற்றோரின் சுமையில் ஒரு பகுதி இறங்குகிறது. எங்கள் பாரம் சேர்க்கும் இளைஞருக்குக் காய்ச்சல் வந்தபோது, மடிப்பு வேலை செய்யும் அக்கா ஒருவர் பேருந்து ஏறி அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம், குழந்தைகளில் ஏறத்தாழ 100-இல் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கலாம் என்று கூறிவந்திருக்கிறது. நம் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளை வகை பிரித்தபோது ஆட்டிசத்துக்கெனத் தனி இடம் இருக்கவில்லை. ஆகவே சென்னையில் இத்தகைய இளைஞர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலையில் இருப்போர் எத்தனை பேர் என்ற விவரத்தை மாநில அரசு வார்டு வாரியாகத் திரட்டி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில், ஆட்டிசம் உள்ளோரை எடுத்துக்கொள்ள விரும்பும் கடைகள், பட்டறைகள், நிறுவனங்கள் கட்டணமின்றி அறிவிப்புக் கொடுக்க மாதம் ஒருமுறையேனும் சிறிது இடம் ஒதுக்குங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், இடம் சத்தமானதா அமைதியானதா என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். பெற்றோரும் சிறப்பாசிரியர்களும் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வேலைமுறையை நேரில் பார்க்க விரும்பும் சிறுதொழில் நடத்துபவர்கள் இருந்தால், தங்கள் அலுவலகத்தின் மூலம் எனக்குத் தெரிவிக்கலாம். வரும் நாளையும் நேரத்தையும் இரண்டு நாட்களுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மேசையோர அட்டையில் அதை எழுதி ஒட்டியாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பைண்டிங் பட்டறை உரிமையாளர்,
ராயப்பேட்டை, சென்னை-14.